பேசும்போது நின்றுபோகும் இணையம்

2ஜி என்ற சொல் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வழக்கின் பெயராகவே அறிமுகமானது. தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2010-இல் குறிப்பிட்ட ரூ. 1.76 லட்சம் கோடி இழப்பு, 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 122 உரிமங்கள், 2017 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் தில்லி சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது என அதன் ஒவ்வொரு கட்டமும் தலைப்புச் செய்தியானது. அலைக்கற்றையை யார், என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று நாடாளுமன்றத்தை நாள்கணக்கில் முடக்கி விவாதித்தோம். அந்த அலைக்கற்றையில் ஓடும் சேவையைக் கொண்டு சாதாரண வாடிக்கையாளர் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்ற கேள்வி மட்டும் எந்த அவையிலும் பெரிதாக எழவில்லை.

முடியாத காரியங்களில் முதன்மையானது இது: 2ஜி இணைப்பில் பேசிக் கொண்டிருக்கும்போது இணையம் ஓடாது. அழைப்பு வந்தவுடன் இணையத் தொடர்பு நிறுத்தி வைக்கப்படும். பேசி முடித்த பிறகே மீண்டும் உயிர்பெறும். ஆம்புலன்சை அழைத்தவர் பேசிக் கொண்டே தான் நிற்கும் இடத்தின் வரைபடத்தை அனுப்ப முடியாது. மறுமுனையில் இருப்பவர் சொல்லச் சொல்ல ஒரு விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப முடியாது. வேகம் குறைவு என்பது ஒரு குறை. ஒன்றைச் செய்தால் மற்றொன்று நின்றுவிடும் என்பது வேறொரு குறை. விளம்பரங்கள் பேசுவதெல்லாம் முதல் குறையைப் பற்றித்தான்.

இந்தியாவில் செல்போன் சேவை தோன்றி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியிலிருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசிய அழைப்பே முதல் அழைப்பு. அப்போது குரல் மட்டுமே சரக்கு. பிறகு இணையம் வந்து ஒட்டிக் கொண்டது. ஒட்டிக் கொண்ட விதம் ஒவ்வொரு தொழில்நுட்பத்திலும் ஒவ்வொரு மாதிரியாக இருந்ததால், வாடிக்கையாளருக்குக் கிடைத்ததும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. ரிலையன்ஸ் இன்ஃபோகாமும் டாடாவும் பரப்பிய சி.டி.எம்.ஏ. முறையில் குரலுக்கு ஒரு தடம், வேக இணையத்துக்கு வேறொரு தடம். ஒரே கருவி இரண்டு தடங்களிலும் ஒருசேர நிற்காது. அதற்குப் போட்டியாக நின்ற ஜி.எஸ்.எம். நிறுவனங்கள் 3ஜி-க்கு மாறியபோது நிலைமை மேம்பட்டது. 2010-இல் ஏலம் மூலம் அரசுக்கு சுமார் ரூ. 67,719 கோடி ஈட்டித் தந்த 3ஜி அலைக்கற்றை, பேச்சையும் இணையத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கக் கூடியது. ஆனால் இந்த நற்குணத்தை விளம்பரப்படுத்த எந்த நிறுவனமும் முனையவில்லை. முகம் பார்த்துப் பேசலாம் என்று விற்றார்கள்.

4ஜி வந்தபோது ஒரு விநோதம் நேர்ந்தது. அது முற்றிலும் இணையத்துக்காகவே அமைந்த கட்டமைப்பு. பழைய முறைக் குரல் அழைப்புக்கு அதில் இடமே இல்லை. இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. அழைப்பு வரும்போது செல்போனை 4ஜி-யிலிருந்து கீழிறக்கி, 3ஜி அல்லது 2ஜி-யில் பேசவைத்துவிட்டுப் பிறகு மேலேற்றுவது ஒன்று. குரலையும் இணையத் துணுக்குகளாக மாற்றி 4ஜி-யிலேயே அனுப்பும் 'வோல்ட்டி' முறை மற்றொன்று. 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் 4ஜி இணைய சேவையைத் தொடங்கிய ஏர்டெல் உள்பட, ஏற்கெனவே களத்தில் இருந்த நிறுவனங்களின் 4ஜி செல்போன் வாடிக்கையாளர்கள் நெடுநாள் முதல் வழியிலேயே பேசினார்கள். 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கிய ரிலையன்ஸ் ஜியோவிடம் கீழிறக்க 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. எனவே முதல் நாளிலிருந்தே வோல்ட்டி என்பது அதற்குக் கட்டாயம். பழைய நிறுவனங்கள் அந்த வழிக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனது; ஏர்டெல் 2017 செப்டம்பரில் மும்பையில் தொடங்கியது, வோடஃபோனும் ஐடியாவும் 2018-இல் வந்து சேர்ந்தன.

அந்த ஓராண்டில் ஜியோ வாடிக்கையாளர் பேசிக் கொண்டே இணையத்தைப் பயன்படுத்தினார். ஆனால் அவர் வேறு நிறுவனத்து எண்ணை அழைத்தால் பெரும்பாலும் இணைப்பே கிடைக்கவில்லை. போதிய இணைப்பு முனைகளைத் தரவில்லை என்று கூறி ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றுக்கும் சேர்த்து ரூ. 3,050 கோடி அபராதம் விதிக்கலாம் என்று டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 அக்டோபரில் பரிந்துரைத்தது. இலவசமாக அள்ளிக் கொடுத்து அழைப்புகளால் எங்களை மூழ்கடிக்கிறார்கள் என்பது மற்றவர்களின் வாதம். யானைகளின் சண்டையில் மிதிபட்ட புல், வழக்கம்போல் வாடிக்கையாளர்தான்.

வேகத்தைப் பற்றிய சண்டை அதைவிடச் சுவையானது. 2017-இல் ஊக்லா என்ற வேக அளவீட்டு நிறுவனத்தின் சான்றைக் காட்டி, நாட்டிலேயே வேகமான இணையம் எங்களுடையது என்று ஏர்டெல் விளம்பரம் செய்தது. டிராயின் 'மைஸ்பீடு' செயலிக் கணக்கிலோ அந்தக் காலத்தில் முதலிடம் ஜியோவுக்கு. அதாவது இரண்டு அளவுகோல்கள், இரண்டு வெற்றியாளர்கள். ஜியோ விளம்பரத் தர மன்றத்திடம் முறையிட்டது. அதன் வாதங்களில் ஒன்று கவனிக்கத் தக்கது: இரண்டு சிம் கார்டுகள் உள்ள செல்போனில் முதல் இடத்தில் ஏர்டெல்லும் இரண்டாவது இடத்தில் ஜியோவும் இருந்தால், ஜியோவின் வேகம் ஏர்டெல் கணக்கில் ஏறிவிடுகிறது என்பதே அது. ஊக்லா இதை மறுத்தது. விளம்பரத்தைத் திருத்த வேண்டும் என்று மன்றம் கூறியது. யார் சொன்னது சரி என்பது இப்போது முக்கியமில்லை. இந்தியச் சட்டைப் பைகளில் ஒரே செல்போனுக்குள் இரண்டு நிறுவனங்கள் குடியிருக்கின்றன என்ற உண்மை அந்த வழக்காடலில்தான் அதிகாரபூர்வமாகப் பதிவானது.

அந்த இரட்டைக் குடித்தனத்தில் பேச்சும் இணையமும் மோதும் இடம் இன்றும் உண்டு. பேசுவதற்குப் பழைய எண், இணையத்துக்கு மலிவான மற்றொரு எண் என்று வைத்திருப்போர் ஏராளம். இரண்டு சிம் இருந்தாலும் பெரும்பாலான செல்போன்களுக்குள் இருக்கும் வானொலி அமைப்பு ஒன்றே. ஒரு எண்ணில் பேசினால் மற்ற எண்ணின் இணையம் நின்றுவிடும். அண்மைக்காலக் கருவிகள் சிலவற்றில், பேசும் நேரத்துக்கு மட்டும் இணையத்தைப் பேசும் எண்ணுக்கே மாற்றிக் கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த எண்ணிலும் இணையத் திட்டம் இருந்தால்தான் அது பயன்படும். நெட்வொர்க் சரியில்லை என்று இதற்காகவும் நிறுவனத்தைத் திட்டுவோர் உண்டு. சிம் கார்டை விற்றவரும் சொல்லவில்லை, செல்போனை விற்றவரும் சொல்லவில்லை என்றால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

5ஜி-யிலும் நிறுவனங்கள் ஒரே பாதையில் செல்லவில்லை. 2022 அக்டோபர் 1 அன்று தில்லியில் பிரதமர் அந்தச் சேவையைத் தொடங்கி வைத்தபோது, ஏர்டெல் 4ஜி-யின் தோளில் 5ஜி-யை ஏற்றியது; ஜியோ தனித்து நிற்கும் 5ஜி-யைத் தேர்ந்தெடுத்தது. முதல் முறையில் பேச்சு 4ஜி-யில் போகும், இணையம் 5ஜி-யில் தொடரலாம். இரண்டாவது முறையில், 5ஜி-யிலேயே குரலை அனுப்பும் வசதி கருவியிலும் அந்தப் பகுதியிலும் இல்லாவிட்டால், பேசி முடிக்கும்வரை செல்போன் 4ஜி-க்கு இறங்கிவிடும். இணையம் அறுந்துவிடாது, வேகம்தான் குறையும். எது சிறந்தது என்பதில் பொறியாளர்கள் வாதிடட்டும். கடையில் சிம் கார்டு வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை என்பதே நம் அக்கறை.

இதுவரை சொன்னது நிறுவனங்களின் போக்கு. அரசே வேகத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜம்மு-காஷ்மீர் சாட்சி. 2019 ஆகஸ்டில் 370-வது பிரிவின்கீழ் இருந்த சிறப்பு நிலை நீக்கப்பட்டபோது அங்கே இணையம் முழுமையாக அடைக்கப்பட்டது. அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, அந்த மாதக் கடைசியில் 2ஜி மட்டும் திறந்து விடப்பட்டது. அதுவும் முதலில் 301 இணையதளங்களுக்கு மட்டும். இரண்டே மாதங்களில் கரோனா ஊரடங்கு வந்தது. இங்கிலாந்து மருத்துவர்கள் வகுத்த தீவிர சிகிச்சை வழிமுறைகளை, 24 மெகாபைட் கோப்பு ஒன்றை, ஒரு மணி நேரம் முயன்றும் இறக்க முடியவில்லை என்று ஸ்ரீநகர் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவர் அப்போது வெளிப்படையாக எழுதினார். விநாடிக்கு 64 கிலோபிட் என்ற வேகத்தில், இடையூறே இல்லாவிட்டாலும், அந்தக் கோப்புக்கு 50 நிமிடங்கள் தேவை. இடையில் செல்போனில் ஓர் அழைப்பு வந்தால் அந்த ஓட்டமும் நிற்கும். மருத்துவருக்குத்தான் அழைப்புகள் ஓயாமல் வரும்.

4ஜி-யைத் திருப்பித் தரும்படி கோரிய மனுவில் 2020 மே 11 அன்று உச்ச நீதிமன்றம், அதைப் பரிசீலிக்க மத்திய உள்துறைச் செயலர் தலைமையில் குழு அமைக்கச் சொல்லி ஒதுங்கிக் கொண்டது. பூட்டியவரிடமே சாவியைப் பற்றி ஆராயச் சொன்னது போன்ற உத்தரவு அது. கந்தர்பால், உதம்பூர் ஆகிய இரு மாவட்டங்களில் 2020 ஆகஸ்டிலும், மற்ற மாவட்டங்களில் 2021 பிப்ரவரியிலும்தான் 4ஜி திரும்பியது. பாதுகாப்புக் காரணங்கள் எதுவாக இருந்தாலும், இணையம் முடக்கப்படவில்லை, வேகம் மட்டுமே குறைக்கப்பட்டது என்ற அரசின் வாதம் தொழில்நுட்ப அடிப்படையிலேயே முழு உண்மை அல்ல.

அதே 64 கிலோபிட்டை நாட்டின் எஞ்சிய பகுதிகளில் நிறுவனங்கள் தினமும் வழங்குகின்றன. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்ற ஒதுக்கீடு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் அந்த அளவுக்கு இறக்கப்படுகிறது. அதற்குப் பெயர் 'அன்லிமிடெட்'. அகன்ற அலைவரிசை என்பதற்கு 2004 கொள்கையில் அரசு தந்த குறைந்தபட்ச அளவு விநாடிக்கு 256 கிலோபிட். 2013-இல் அது 512 ஆகி, 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது. ஒதுக்கீடு தீர்ந்தவருக்குக் கிடைப்பது அதில் முப்பதில் ஒரு பங்குதான். ஆனால் அந்த நாளிலும் அவர் அகன்ற அலைவரிசைச் சந்தாதாரராகவே எண்ணப்படுகிறார். 90 கோடியைத் தாண்டிவிட்டதாகப் பெருமைப்பட்டுக் கொள்ளும் கணக்கில் இந்த முரண்பாடு எங்கும் தென்படாது.

இணையத்தை இவ்வளவு நம்பச் சொன்னது அரசுதான் என்பதை மறக்கலாகாது. கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் வருகைப் பதிவைச் செயலி வழியாக, நாளுக்கு இரு முறை படமெடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறாததால் கூலி போயிற்று என்று பல மாநிலத் தொழிலாளர்கள் அந்த ஆண்டு பிப்ரவரி முதல் தில்லி ஜந்தர் மந்தரில் நூறு நாள் தர்னா நடத்தினர். செல்போன் கோபுரத்தின் எல்லையில் நின்று படத்தை ஏற்றிக் கொண்டிருக்கும் பொறுப்பாளருக்கு ஊரிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் என்ன ஆகும் என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

அத்தகைய கிராமங்களுக்குச் செல்ல வேண்டிய பொதுத்துறை நிறுவனத்தின் கதை தனி வேதனை. சீன எல்லை மோதலுக்குப் பின் 2020-இல் பி.எஸ்.என்.எல்.-லின் 4ஜி ஒப்பந்தப்புள்ளி ரத்தானது. உள்நாட்டுத் தொழில்நுட்பமே வேண்டும் என்று முடிவாகி, சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். கூட்டில் உருவான 4ஜி-யைப் பிரதமர் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கி வைத்தது 2025 செப்டம்பர் 27 அன்று. தனியார் தொடங்கியதிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள். உள்நாட்டுத் தொழில்நுட்பம் பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் 4ஜி கோபுரம் எழுந்துவிட்டது என்பதாலேயே அங்கே வோல்ட்டி வேலை செய்கிறது என்று கொள்ள முடியாது. 3ஜி-யைக் கைவிட்ட இடங்களில், வோல்ட்டி இல்லாத செல்போன் அழைப்பின்போது நேராக 2ஜி-க்கே விழும். ஐந்தாம் தலைமுறையைக் கொண்டாடும் நாட்டில் வாடிக்கையாளர் 1990-களுக்குத் திரும்புகிறார்.

சேவைத் தரத்துக்காக நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் முயற்சிகள் இதற்கு முன் நடக்காமல் இல்லை. பேச்சு அறுந்தால் அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளுக்கு மூன்று ரூபாய்வரை இழப்பீடு என்று டிராய் 2015-இல் விதித்தது. 2016 மே 11 அன்று அந்த விதியை உச்ச நீதிமன்றம் தன்னிச்சையானது என்று கூறி ரத்து செய்தது. அதன்பின் இழப்பீட்டுப் பேச்சே அடங்கிவிட்டது. 2024 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய தர விதிகளின்படி, எந்தப் பகுதியில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் 2ஜி, 4ஜி, 5ஜி என்று நிறம் பூசினால் போதாது. அந்த நிறத்துக்குள் பேச்சும் இணையமும் ஒன்றாக ஓடுமா, அழைப்பு வந்தால் செல்போன் எந்தத் தலைமுறைக்கு இறங்கும், ஒதுக்கீடு தீர்ந்த பின் வேகம் எவ்வளவு ஆகியவற்றையும் திட்டத்தின் விலையோடு சேர்த்து அதே எழுத்தளவில் அச்சிடச் சொல்ல டிராய்க்கு அதிகாரம் இருக்கிறது.

நகரம் நகரமாக வண்டியில் கருவிகளை ஏற்றிச் சென்று டிராய் சோதனை நடத்துகிறது. அதன் அறிக்கைகளில் பேச்சுத் தரத்துக்கு ஓர் அட்டவணை, இணைய வேகத்துக்கு ஓர் அட்டவணை என்று நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அதே வண்டியில், அதே செல்போனில், பேசிக் கொண்டே ஒரு கோப்பை இறக்கிப் பார்த்து மூன்றாவது அட்டவணை ஒன்றைச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.