எரிபொருள் மாறினால் பழைய இயந்திரத்துக்கு யார் பொறுப்பு?

ஏழை விவசாயியின் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய இயந்திரமே. வசதியுள்ளவர் வாங்கி, ஓட்டி, விற்றதை இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கித்தான் எமது குடும்பங்கள் தோட்டத்துக்கு நீர் இறைத்தன. இடம்பெயர்ந்த நாட்களில் சமையற் பாத்திரங்களை விட்டுவிட்டு, நீரிறைக்கும் இயந்திரத்தைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தவர்கள் எம்மிடையே உளர். ஆகவே எரிபொருள் பற்றி ஓர் அரசு எடுக்கும் முடிவு இத்தகையோரை எவ்வாறு தொடுகிறது என்று கேட்பது எமது கடமையாகும்.

இக்கேள்வி இன்று இந்தியாவில் எழுந்துள்ளது. 1983 முதல் அங்கு சென்று முகாம்களிலும் வெளியிலும் வாழும் எம்மவருக்கும் இது பொருந்தும். அங்கு பெற்றோலுடன் எதனோல் என்னும் மதுசாரத்தைக் கலக்கும் திட்டம் 2003 இல் நூற்றுக்கு 5 வீதத்துடன் தொடங்கியது. 2022 இல் 10 வீதமாகியது. 2025 இல் 20 வீதத்தை எட்டிவிட்டது. 2030 க்கு என வைத்த இலக்கை ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அடைந்தார்கள். கரும்பு, சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எதனோல் வடிக்கப்படுகிறது. இதனால் எண்ணெய் இறக்குமதிக்குச் செல்லும் அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. கரும்பு விவசாயிக்கும் பணம் வருகிறது. இதனை நாம் குறை கூறவில்லை. விளைநிலத்திலிருந்து எரிபொருள் எடுப்பது பற்றித் தனியாகவே பேச வேண்டும். இங்கு நாம் பேசுவது, இந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையே.

எதனோல் பழைய இயந்திரத்துக்கு என்ன செய்கிறது? முதலாவதாக, அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீர் அளவுக்கு மிஞ்சினால், எதனோலும் நீரும் சேர்ந்து பெற்றோலிலிருந்து பிரிந்து தாங்கியின் அடியில் தங்கிவிடும். இயந்திரம் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். தாங்கி துருப்பிடிக்கும், கார்புரேற்றரின் உட்புறத்தில் வெள்ளைத் தூள் பூக்கும். இரண்டாவதாக, பழைய வகை இறப்பர் குழாய்களும் வாசர்களும் ஊதிப் பின் வெடித்துப் போகும். மூன்றாவதாக, ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. புதிய வாகனங்களில் உள்ள மின்னணுக் கருவி இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கும். கார்புரேற்றரில் இருப்பதோ அளவு மாறாத ஒரு துளை. அதனால் இயந்திரம் பட்டினி கிடந்து, சூடேறி ஓடுகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலுக்கு முன் விற்ற மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவை கார்புரேற்றர் உள்ளவையே.

2025 ஓகஸ்டில் இந்தியப் பெற்றோலிய அமைச்சு இதற்கு விடை கூறியது. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீற்றர் ஓடிய பின் சில இறப்பர்ப் பாகங்களை மாற்ற நேரலாம், அது செலவு குறைந்தது, வழமையான பராமரிப்பின்போதே செய்யலாம் என்றது. கார் வைத்திருப்பவருக்கு இது போதுமான விடையாக இருக்கலாம். ஆனால் கிணற்றடியில் நிற்கும் இயந்திரத்துக்குக் கிலோமீற்றர் ஏது? மாரியில் மாதக்கணக்கில் ஓடாமல் கிடப்பதுதான் அதன் நோய். வழமையான பராமரிப்பு என்பதும் பழுதானால் மட்டுமே மெக்கானிக்கைத் தேடுபவருக்குத் தெரியாத சொல். எதனோல் கலவாத பெற்றோலையும் விற்க வேண்டும் எனக் கோரிய மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2025 செப்டெம்பர் 1 ஆம் திகதி தள்ளுபடி செய்தது.

அமெரிக்கா வேறு வழியை எடுத்தது. அங்கு 15 வீத எதனோல் கலந்த பெற்றோலை 2001 உம் அதற்குப் பின்னும் வந்த கார்களுக்கு மட்டுமே அனுமதித்தார்கள். மோட்டார் சைக்கிள், படகு, சிறு இயந்திரங்கள் ஆகியவற்றுக்கு அது கூடாது என்று எரிபொருள் பம்பியிலேயே எழுதி ஒட்ட வேண்டும் என விதித்தார்கள். கலப்பதைக் கலக்கட்டும், எவ்வளவு கலந்தது என்று எழுதட்டும், பழைய இயந்திரத்துக்கு என ஒரு குழாயை விட்டு வைக்கட்டும். இது சலுகையன்று, நியாயம் என்றே நாம் கருதுகிறோம். இலங்கையில் எப்போதாவது இத்திட்டம் வந்தால், எமது விவசாய சங்கங்கள் முதல் நாளே கேட்க வேண்டியதும் இதுவே.

எரிபொருள் மாறினால் என்ன நடக்கும் என்பதை எமது மக்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 1990 இன் பின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, நாலு துளி பெற்றோல் விட்டு உயிர்கொடுத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். புகையும் கரியும் பிடித்தாலும் இயந்திரங்கள் தப்பின. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பது ஓட்டியவருக்குத் தெரிந்திருந்ததே காரணம்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. அளவுக் கோடிட்ட ஒடுங்கிய கண்ணாடிக் குவளையில் 10 மில்லிலீற்றர் தண்ணீரும் அதன்மேல் 90 மில்லிலீற்றர் பெற்றோலும் விட்டு, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். கீழே தண்ணீர் 10 இலேயே நின்றால் எதனோல் இல்லை. 25 ஐத் தாண்டி உயர்ந்தால் 20 வீதக் கலவை எனக் கொள்ளலாம். திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டச் செய்யுங்கள். அந்தப் பெற்றோலை மீண்டும் தாங்கியில் ஊற்றாதீர்கள்.

கலவைப் பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். வேலை முடிந்து இயந்திரத்தை ஒதுக்கும்போது, பெற்றோல் வரும் வழியைப் பூட்டி, அது தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பின் கார்புரேற்றரின் அடிக்கிண்ணத்து ஆணியைக் கழற்றி மீதியையும் வடியுங்கள். மாரி முழுவதும் கிடக்கப் போகிறதென்றால் தாங்கியையும் வெறுமையாக்கி உலர்த்துங்கள். குழாய் மாற்றும்போது எதனோலுக்குத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை சற்றுக் கூட. பிளக்கின் நுனி மண்ணிறமாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் மெக்கானிக்கிடம் காட்டி, கார்புரேற்றரின் துளையை ஓர் அளவு பெரிதாக்கலாமா என்று கேளுங்கள். முதற் சில தடவை கலவைப் பெற்றோல் ஊற்றியதும் தாங்கியின் பழைய அழுக்கு இளகி வரும். வடியைக் கழுவத் தவறாதீர்கள்.

ஒயில் கலந்து ஓடும் மருந்து தெளிக்கும் இயந்திரத்தில் இன்னும் கவனம் வேண்டும். நீரும் எதனோலும் அடியில் பிரிந்தால், ஒயில் மேலே பெற்றோலுடனேயே நின்றுவிடும். இயந்திரம் ஒயில் இல்லாமல் ஓடிச் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். எனவே அன்றன்று தேவையான அளவை மட்டும் கலந்து, மிஞ்சியதை அன்றே எரித்து முடித்துவிடுங்கள்.