ஊக்கம் யார் பொறுப்பு?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

நோயாளி ஒருவர் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டால், ‘அவருக்கே குணமாக விருப்பமில்லை’ என்று உலகம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. உடல்நோய்க்கே இந்த நிலை என்றால் மனநோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் உணவு தொடர்பான மனநோய் என்றால், தீர்ப்போடு ஏளனமும் சேர்ந்துகொள்கிறது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் எடுத்துக்கொண்ட நோயை ஆங்கிலத்தில் ‘பிஞ்ச் ஈட்டிங்’ என்பர். தமிழில் சிலர் ‘பெருந்தீனி நோய்’ என்கின்றனர். பெருந்தீனி என்ற சொல்லிலேயே பழி ஒட்டிக்கொண்டிருப்பதால், ‘கட்டுமீறி உண்ணும் நோய்’ என்றே நான் எழுதுகிறேன். கல்யாண விருந்தில் ஒரு கை கூடுதலாக உண்பது இந்நோய் ஆகாது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் பிறர் உண்பதைவிட மிக அதிகமாக உண்பது. நிறுத்த நினைத்தும் நிறுத்த இயலாமல் தவிப்பது. பசி இல்லாதபோதும் உண்பது. வெட்கத்தால் தனித்திருந்து உண்பது. உண்டபின் தன்மீதே அருவருப்புக் கொள்வது ஆகியவை இதன் அடையாளங்கள். வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதங்கள் இது தொடர்ந்தால் மருத்துவர்கள் இதனை நோய் என்று கொள்வர். ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மருத்துவர் 1959ஆம் ஆண்டிலேயே இதனை எடுத்துரைத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடம் தந்ததோ 2013ஆம் ஆண்டில்தான். இடையில் கழிந்த 54 ஆண்டுகளில் எத்தனை பேர் தங்களைப் ‘பேராசைக்காரர்’ என்றே நம்பி மறைந்தனரோ, யார் அறிவார்?

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேஷன் அரிசியை ஆழாக்கில் அளந்து உலையில் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர் என் அப்பாயி. இப்படி ஒரு நோய் உண்டு என்று நான் சொன்னபோது, “சோறு கெடைக்காமச் செத்தவங்களப் பாத்திருக்கேன். சோறு தின்னு நோவாப் போனவங்கள இப்பத்தான் கேக்குறேன்” என்றார். இது வசதி படைத்தோரின் நோய் என்பது அவர் கருத்து. நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம்.

ஆனால் அறிவியல் காட்டுவது வேறு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். உடல்நலமும் மனநலமும் உடைய 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். பிறகு உணவு தாராளமாகக் கிடைத்தபோது, அவர்களுள் சிலர் வயிறு நிறைந்தும் மனம் நிறையாமல் அளவின்றி உண்டனர். அவர்கள் மன உறுதி குறைந்தவர்களா? ஆறு மாதம் பசி பொறுத்தவர்கள் அல்லவா! பட்டினியே கட்டுமீறிய உணவுக்கு வழி திறக்கக்கூடும் என்பதைத்தான் இச்சோதனை உணர்த்துகிறது. பகலெல்லாம் பட்டினி கிடந்து உடலை இளைக்க வைக்க முயல்வோர் இரவில் தோற்றுப்போவதன் காரணமும் இதில் அடங்கியுள்ளது. அப்பாயி கண்ட பசியும் இந்நோயும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை.

எங்கள் விடுதியில், இருவேளை தட்டைத் தொடாமல் இருந்துவிட்டு, இரவில் பிஸ்கட் பொட்டலங்களை ஒளித்து வைத்து உண்ணும் ஒருவரைச் ‘சாப்பாட்டு ராமன்’ என்று கூப்பிட்டுச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். அவருக்கு இந்நோய் உண்டா இல்லையா என்று சொல்ல நான் மருத்துவர் அல்லேன். ஆனால் ஒருவேளை இருந்தால், அந்தச் சிரிப்பைத் தாண்டி அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

இந்த இடத்தில்தான் இணையவழிச் சிகிச்சை ஒரு கதவைத் திறக்கிறது. மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டாம், தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம், கைப்பேசி போதும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1995இல் இந்நோயாளிகளுக்காகவே ஒரு சுய உதவி நூல் வெளியிட்டார். அத்தகைய படிமுறைகளே இன்று இணையத்திலும் பாடங்களாக அமைகின்றன. எதை, எப்போது, எங்கே, என்ன மனநிலையில் உண்டோம் என்பதை உடனுக்குடன் குறித்தல் முதற்படி. வேளை தவறாமல் உண்ணப் பழகுதல் அடுத்த படி. எந்தத் துயரம், எந்தத் தனிமை நம்மை உணவை நோக்கித் தள்ளுகிறது என்று கண்டுகொள்ளுதல் அதற்கும் அடுத்தது. படிகள் எளியவை, ஏறுவதுதான் கடினம்.

ஏன் கடினம்? முதல் வாரத்தில் நோயாளி ஆர்வமாகக் குறிப்பெழுதுகிறார். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் தடுமாறிவிடுகிறார். அதை எழுத வெட்கம் வருகிறது. எழுதாமல் விட்டபின் மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனம் கூசுகிறது. நேரில் செல்லும் சிகிச்சையாயின், வராதவரைத் தேடி ஒரு குரல் வரும். திரைக்கோ அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இணையவழி மருத்துவத் திட்டங்களில் பெரும்பங்கினர் இடையில் விலகிவிடுவதைக் கண்ட குந்தர் ஐசன்பாக் என்ற ஆய்வாளர், 2005ஆம் ஆண்டில் அதற்கு ‘விலகல் விதி’ என்றே பெயரிட்டார். விதி என்று சொல்லத்தக்க அளவுக்கு அது பொதுவானதாயின், ஒவ்வொரு நோயாளியின் மனத்திலும் குறை காண்பது எப்படி நியாயமாகும்?

இன்னொன்றும் உண்டு. கட்டுமீறி உண்பது அந்த வேளைக்கு ஓர் ஆறுதலையும் தருகிறது. எனவே நோயாளியின் மனத்தில் ஒரு பாதி விடுதலையை விரும்ப, மறுபாதி அந்த ஆறுதலை இழக்க அஞ்சுகிறது. இப்படிப்பட்டவரிடம் ‘உண்ணாதே’ என்று வாதாடினால், அவர் எதிர்வாதம்தான் பேசுவார். குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அனுபவத்தில் இதை உணர்ந்த வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர், 1983இல் ஒரு புதிய உரையாடல் முறையை முன்வைத்தார். மாற்றத்திற்கான காரணத்தை மருத்துவர் சொல்லக் கூடாது. நோயாளியின் வாயிலிருந்தே அது வரும்படி பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். ஊக்கம் நோயாளி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரும் கட்டுச்சோறு அன்று. இருவர் பேசும்போது நடுவில் பிறப்பது என்பதே இதன் பொருள்.

நாங்கள் ஆய்வகத்தில் பயிலும் பாடமும் இதுதான். வினைபடு பொருள்கள் இரண்டும் குடுவையில் இருந்தும், சில வேளைகளில் வினை தொடங்குவதில்லை. சிறிதளவு வினையூக்கி சேர்ந்தால் ஏற வேண்டிய மேடு தாழ்ந்து வினை நிகழ்கிறது. வினை புரிவது அப்பொருள்களே. ஆயினும் வினையூக்கி இல்லையேல் காத்திருப்பே மிஞ்சும்.

‘ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவரை உட்கார வைக்க நம்மால் முடியுமா? ஒன்றுமில்லாததற்குத் திரையேனும் இருக்கட்டுமே’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தேவைப்படும் துணை அவ்வளவு பெரிதன்று. இங்கிலாந்தின் ‘நைஸ்’ நிறுவனம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்நோய்க்கு முதலில் சுய உதவிப் பாடத்தையே பரிந்துரைக்கிறது. அதோடு 16 வாரங்களில் 4 முதல் 9 முறை, முறைக்கு 20 நிமிடம் ஒருவர் பேசித் துணைநிற்க வேண்டும் என்கிறது. ஒன்பது முறை என்றாலும் மொத்தம் மூன்று மணி நேரம்! அப்பேச்சின் ஒரே நோக்கம், பாடத்தைத் தொடர நோயாளிக்கு உதவுவதே. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் 178 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்விலும், இணையவழிப் பாடம் பெற்றவர்களுக்கு வாரந்தோறும் மின்னஞ்சலில் ஒருவர் துணைநின்றார். நேர்முகச் சிகிச்சையே விரைந்து பயன் தந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் துணையோடு கூடிய இணையவழியை, மெதுவாகப் பயன் தரும், எளிதில் அணுகத்தக்க மாற்றுவழி என்றே அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

நம் தலைமுறைக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் நாம் கைப்பேசியில் பாடம் கேட்டவர்கள். எங்கள் தெருவில், சனிக்கிழமைதோறும் ஓர் ஆசிரியை பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் செய்து, “எத்தனை கணக்குப் போட்டாய், கண்ணு?” என்று கேட்பார். அந்தக் கணக்கு நோட்டுகள் மட்டும் நிறைந்தன. திரை எல்லாப் பாடத்திற்கும் ஒன்றுதான். கேட்க ஒரு குரல் இருந்ததுதான் வேற்றுமை.

ஆகவே என் கருத்து இதுதான். துணைக்குரல் இல்லாத சிகிச்சைச் செயலியைக் கொடுத்துவிட்டு, இடையில் விலகியவரை ‘ஊக்கமில்லாதவர்’ என்று எழுதி வைப்பது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. ஊக்கம் சிகிச்சைக்கு முன் விதிக்கும் நுழைவுத் தேர்வாக இருத்தல் கூடாது. சிகிச்சை தர வேண்டிய முதல் மருந்தே அதுதான்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிக்கு வாரம் ஒரு நாளேனும் மனநல ஆலோசகர் ஒருவர் வர வழி செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். இந்த எண் நம் விடுதிச் சுவரில் இடம் பெறட்டும். தோழர்களே, தோழியரே, உங்களுக்கு இன்னும் சிறிய வேலை ஒன்று உண்டு. பட்டப்பெயரை விட்டுவிடுங்கள். பக்கத்து அறை நண்பர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், எவ்வளவு உண்டார் என்று எண்ண வேண்டாம். ‘மனசு எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். அடுத்த வாரமும் மறவாமல் கேளுங்கள்.