கலர் மட்டும் கேட்டால் போதுமா?



நானும் சாரும் கார் வாங்கப் போகிறோம் என்றதும் ஆளாளுக்கு யோசனை சொல்கிறீர்கள். "சின்ன கார் எதுக்கு டீச்சர், பெருசா வாங்குங்க." "மைலேஜ் பாருங்க சித்தி." சந்தோஷம். ஆனால் நான் எந்த சீட்டில் உட்காருவேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

போன வாரம் ஷோரூம் போனோம். சேல்ஸ் தம்பி ஒரு மணி நேரம் சாரிடமே பேசினார். இன்ஜின், மைலேஜ், தவணை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?" என்றார். முப்பத்து நாலு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளிடம்! சாரும், "ஆமா, கலரை அவங்களே சொல்லட்டும்" என்றார்.

இது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை, உயிர்ப் பிரச்சினை. ஓட்டுபவருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து எல்லாப் புது கார்களிலும் கட்டாயமாக 2022 ஜனவரி ஆகிவிட்டது. நடுவில் இரண்டரை வருஷம். அந்த சீட்டில் நம் வீடுகளில் யார் உட்காருகிறார்கள்? பழைய கார் வாங்குகிறவர்கள் இந்த வருஷக் கணக்கை மனசில் வையுங்கள்.

2014இல் குளோபல் என்கேப் அமைப்பு, நம் நாட்டில் விற்ற ஐந்து சின்ன கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ஜியம். இப்போது நிலைமை தேவலை. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் இங்கேயே சோதித்து நட்சத்திரம் போடுகிறது. தேர்வு முடிவைப் பார்க்காமல் பிள்ளையைப் பாராட்டுவோமா? காரை மட்டும் ஏன் வாங்குகிறோம்?

அதற்காகப் பெரிய கார்தான் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. கீழவீதியில் பெரிய வண்டியைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். அறுவடை நேரத்தில் கிராமத்து ரோட்டில் பாதி நெல் காயும். மிச்சப் பாதியில்தான் நாம் போக வேண்டும். நாலு மீட்டருக்குள் அடங்கும் கார் நமக்குத் தாராளம். அந்த அளவில் 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. மிச்சமான பணத்தை அலாய் வீலில் போடாமல், ஆறு ஏர்பேக் உள்ள மாடலில் போடுங்கள்.

"ஓட்டுறவர் சார்தானே, அவரே தேர்ந்தெடுக்கட்டுமே" என்பீர்கள். நாளைக்கு அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனால் யார் ஓட்டுவது? பிள்ளைகள் வெளியூரில். தஞ்சாவூரில் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் எல்எல்ஆர் போட்டுவிட்டேன். அறுபத்து மூன்று வயதில்!

நேற்று மறுபடியும் போய், முதலில் நானே ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன். பானெட்டுக்கு அப்பால் ரோடே தெரியவில்லை. சீட்டை உயர்த்தும் வசதி அடுத்த மாடலில்தான் இருக்கிறதாம். சார் அந்த சீட்டில் இருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்பியிடம், "அந்த மாடலையே காட்டுங்க" என்றார்.

உங்களுக்கு வீட்டுப்பாடம்: கார் பார்க்கப் போனால் இரண்டு பேரும் இரண்டு சீட்டிலும் மாறி மாறி உட்காருங்கள். பெல்ட் போட்டுப் பாருங்கள். கலரைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்