மகள் வீட்டில் மிச்சமிருக்கும் வேலை

கிழக்கிலங்கையின் சொறிக்கல்முனையில் செப்டெம்பர் மாதம் திருச்சிலுவைத் திருவிழா. கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் ஊர் திரும்பும் காலம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் உறவுகளை அப்படித்தான் அழைத்து வருகின்றன. வந்தவர்கள் பையை இறக்கி வைத்த கையோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். கூரைச் சீற் எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவர் இன்னும் பூசவில்லை, மலசலகூடக் கதவு ஏன் இறுகுகிறது என்று விசாரித்த பிறகுதான் தேத்தண்ணீர். மறுநாள் காலை வாசலில் மேசன் நிற்பார்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில், கட்டிக்கொடுத்த மகளின் வீட்டுக்குத் தகப்பன் விருந்தாளியாகத்தான் போவார். அங்கே ஒரு சுவரை இடிக்கவோ கட்டவோ அவருக்கு வாய் கிடையாது. கிழக்கிலங்கைக் கரையில் நிலைமை வேறு. கலியாணம் முடிந்து வீடு மாறுகிறவர் மருமகன். குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. இந்த வழக்கத்தில் தமிழர், முஸ்லிம் என்ற பிரிவு இல்லை. மூத்த மகளுக்குத் தாங்கள் இருந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கும் பெற்றோர் இங்கே சாதாரணம். சகோதரிமாருக்கு வீடு எழும்பும் வரை தன் கலியாணப் பேச்சை எடுக்காத ஆண்பிள்ளைகளும் அப்படியே.

அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1876 இல் பிரிட்டோ நூலாக்கிய, மட்டக்களப்புப் பக்கம் வழங்கிவந்த முக்குவர் சட்டத்தில், ஆணின் முதுசம் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. அந்தச் சட்டம் மறைந்துவிட்டது. ஆனால் பெண்ணின் கையில் வீடு இருக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தின் துணையில்லாமலே இன்றுவரை நிற்கிறது. கணவனோடு பிணக்கு வந்தாலும் தெருவில் நிற்காத நிலை, கூப்பிடு தூரத்தில் தாய், பிள்ளையைப் பார்க்க ஆள் என்று இதன் பலன்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம்.

பாரம் எங்கே ஏறுகிறது என்றால், அந்த வீடு சீதனமாகி, கலியாணத்துக்கு முன்பே முழுசாக முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில். மகள் பள்ளிக்கூடம் போகும்போதே வாப்பா கத்தாருக்கோ சவூதிக்கோ போய்விடுகிறார். சில வீடுகளில் உம்மாவே வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறார். மாபிள் பதித்த ஹோலும் சுற்றுமதிலும் இல்லையென்றால் பேச்சுவார்த்தை முறிந்துவிடுமோ என்ற பயத்தில் கடன் ஏறுகிறது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. அந்த ஆண்டு பாதியில் நின்ற அத்திவாரங்களோடு எத்தனை கலியாணங்கள் தள்ளிப்போயின என்பது ஊருக்குத் தெரியும்.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: முழு வீடு எதற்கு? கூரையிட்ட இரண்டு அறை, தண்ணீர், மலசலகூடம், மகள் பெயரில் காணி. கலியாணத்துக்கு இவ்வளவு போதும். மிச்சத்தை அவரவர் ஊருக்கு வரும்போது வருசா வருசம் கூட்டிக்கொள்ளலாம். தகப்பன் ஒருமுறை, காக்கா ஒருமுறை, மருமகனின் உழைப்பு இடைக்கிடை. குடும்பங்கள் இப்போதும் இப்படிச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அதைக் குறையாக நினைத்து வெட்கப்படுகின்றன. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2004 டிசம்பர் 26 இதற்குச் சாட்சி. சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களின் சீதன வீடுகள் கரையோரம் முழுக்கத் தரைமட்டமாயின. பிறகு கிடைத்த நன்கொடை வீடுகளுக்கு 500 சதுர அடி என்பதே பொது அளவு. அந்தச் சிறு கூடுகளுக்குப் பின்னால் குசினியும், பக்கத்தில் அறையும், முன்னால் விறாந்தையும் முளைத்ததைக் கல்முனைக் கரையில் போகிற எவரும் பார்க்கலாம். ஒரேயடியாகக் கட்டியவை அல்ல அவை. பெரும்பாலும் உறவினர் கைபட்டு, காசு வந்தபோது வளர்ந்தவை. அந்த மீள்கட்டுமானத்தில் ஒரு பெரிய அநியாயமும் நடந்தது. ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் பல இடங்களில் உரிமைப் பத்திரம் கணவனுக்குப் போனது. மெக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் சேர்ந்து 2010 இல் வெளியிட்ட கட்டுரை, சுனாமிக்குப் பின்னும் சீதன வீட்டுக் கவலை குடும்பங்களை எப்படி இயக்கியது என்பதைப் பேசுகிறது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு மாத லீவில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் இந்த உதவியைக் கெடுக்கிறது. கொங்கிரீட்டுக்கு லீவுக் கணக்குத் தெரியாது. பிளேட் போட்டால் குறைந்தது ஒரு கிழமை காலையும் மாலையும் தண்ணீர் நிற்க வேண்டும். ஈரச் சாக்கு விரித்தால் இன்னும் நல்லது. முட்டுக்கால்கள் இரண்டு கிழமையாவது அசையக்கூடாது, அகலமான பிளேட் என்றால் அதற்கும் மேலே. முழுப் பலம் 28 நாளில்தான் கணக்குப் பார்க்கப்படுகிறது. புதுப் பூச்சுச் சுவர் காயவும் நாலு கிழமை வேண்டும். அதற்குள் பெயின்ற் அடித்தால் அடுத்த மாரிக்கு உரிந்து விழும். விமானம் ஏறும் நாளுக்கு முன் முட்டுக்கால்களைக் கழற்றச் சொல்லி மேசனை நெருக்குகிற தகப்பன், மகளின் தலைக்கு மேல் வெடிப்பை விட்டுவிட்டுப் போகிறார். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அந்த வெடிப்பால் நுழைந்து கம்பியைத் தின்னும். வருவதற்கு முன்பே கல்லும் மண்ணும் கம்பியும் இறங்கியிருந்து, முதல் கிழமையிலேயே பிளேட் போட்டு, பெயின்ற்றை அடுத்த வரவுக்கு விடுவதே சரியான ஒழுங்கு.

எதைச் செய்வது என்பதையும் வீட்டுக்காரியிடம் கேட்க வேண்டும். ஊர் பார்க்க முன்பக்கத்தில் தூணும் போர்ட்டிக்கோவும் வேண்டும் என்பது அனேகமாக ஆண்களின் ஆசை. மகளிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்: “வாப்பா, முன்னுக்கு ஒண்டும் வேணா. பின்னுக்கு விறகடுப்போட ஒரு குசினி போட்டுத் தாங்க.” 2022 இல் காஸ் சிலிண்டருக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றவளின் பேச்சு அது. புகை வெளியேற உயரமான கூரை, கழுவுகிற தண்ணீர் வாழைக்குப் போக ஒரு கான், மழையில் விறகு நனையாமல் ஒரு தாழ்வாரம்: செலவு குறைவு, பயன் தினமும்.

ஊருக்கு வருகிறவர் மேசனைத் தேடுவதற்கு முன் ஒரு நாளைக் காணிப் பத்திரத்துக்கு ஒதுக்க வேண்டும். உறுதிக் காணி என்றால் நொத்தாரிசிடம் போய் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதலாம். தங்கள் காலம் வரை இருக்கும் ஆயுள் உரித்தை அதிலேயே வைத்துக்கொள்ளலாம். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளி யார் என்று பார்க்க வேண்டும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பெயர் குறிக்காத இடத்தில் மகளுக்கு முன்னால் மகனை வைத்தது. 2022 இன் 11 ஆம் இலக்கத் திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. ஆனாலும் பெயரைப் பதியாமல் விட்ட காணியில் சகோதரங்களுக்குள் வழக்கு வர வழி திறந்தே இருக்கிறது. இருபது வருச உழைப்பில் எழுந்த வீடு அந்த வழக்கின் நடுவில் நிற்கும். வாய்ச்சொல்லில் கொடுத்த வீட்டுக்கு இந்த லீவிலேயே பத்திரம் முடிப்பது, டைல்ஸ் வாங்குவதைவிட முந்திய வேலை.