ஒளியியற் கல்வியும் நம் பிள்ளைகளும்

எமது பள்ளியின் உயர்வகுப்பிற் பயின்ற பிள்ளைகளுட் சிலர் ஆண்டுதோறும் பல்கலைக்கழகம் புகுகின்றனர். அவர்களுள் பௌதிகவியலையோ பொறியியலையோ தெரிவு செய்வோர், விரைவிலேயே நவீன ஒளியியல், லேசர்ப் பௌதிகம் என்னும் பாடங்களை எதிர்கொள்கின்றனர். சமன்பாடுகளை நொடியில் தீர்க்கும் இப்பிள்ளைகளிடம், லேசர் ஒளிக்கும் மின்குமிழ் ஒளிக்கும் என்ன வேறுபாடு என்று வினவினால், "அது நேராகச் செல்லும்" என்பதற்கு அப்பால் விடை வருவது அரிது. குறை பிள்ளைகளுடையதன்று. சூத்திரத்தை முதலிலும் காரணத்தைக் கடைசியிலும் வைக்கும் கற்பித்தலே குறையுடையது என்பது எமது கருத்து.

காரணம் அப்படியொன்றும் கடினமானதன்று. சக்தி பெற்று உயர்நிலையில் இருக்கும் அணு தானாகவே கீழிறங்கி ஒளியைக் காலும். மின்குமிழில் இவ்வொளி ஒழுங்கின்றிப் பிறக்கிறது. வெவ்வேறு கணம், வெவ்வேறு திசை, திருவிழாச் சந்தடி போல. இதற்கு வேறான ஒரு வழியை 1917 இல் அயன்ஸ்டைன் எடுத்துக்காட்டினார். உயர்நிலையில் உள்ள அணுவைப் பொருத்தமான மீடிறனுடைய ஒளி அணுகுமாயின், அது அணுவைத் தூண்டும். அப்போது பிறக்கும் ஒளி, வந்த ஒளியோடு திசையிலும் மீடிறனிலும் அலையின் ஏற்ற இறக்கத்திலும் முற்றாக ஒத்திருக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும்.

அப்படியாயின் முதல் லேசருக்காக 1960 வரை உலகம் ஏன் காத்திருந்தது? மாணவன் கேட்க வேண்டிய வினா இதுவே. சாதாரண நிலையிற் பெரும்பாலான அணுக்கள் கீழ்நிலையிலேயே இருக்கும். அவை வரும் ஒளியை விழுங்கிவிடும், பெருக்கம் நிகழாது. மேல்நிலையில் உள்ளவை கீழ்நிலையில் உள்ளவற்றிலும் அதிகமாகும் தலைகீழ் நிலையொன்று வேண்டும். இரண்டே நிலைகளைக் கொண்டு, ஒளியை மட்டும் பாய்ச்சி இதனைச் சாதிக்க இயலாது. ஏற்றிவிடும் ஒளியே இறக்கியும் விடுவதால், மிஞ்சினால் இரண்டும் சமமாகும். ஆகவே மூன்றாவது நிலையொன்று தேவையாயிற்று. ரவுண்சும் ஷாலோவும் 1958 இல் லேசருக்கான கோட்பாட்டை வெளியிட்டனர். 1960 மே 16 ஆம் நாள், கலிபோர்னியாவில் ஹியூஸ் ஆய்வுகூடத்தில், தியடோர் மெய்மன் மாணிக்கக் கற்கோலொன்றைச் சுருள் வடிவ மின்னொளி விளக்கினுள் வைத்து, 694.3 நனோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளியைப் பெற்றார். கோலின் இரு முனைகளுக்கும் வெள்ளி பூசப்பட்டிருந்தது. ஒளி முன்னும் பின்னும் சென்று வருந்தோறும் பெருகுவதற்காகவே அப்பூச்சு.

"இதையெல்லாம் தமிழிற் சொல்லி என்ன பயன்? பரீட்சை இந்நாட்டு மொழியில் அல்லவா?" என்று பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் லேசர் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். அது சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளாலானது. பிள்ளைக்கு அது வெறும் ஓசை. தூண்டப்பட்ட கதிர்க் காலலால் ஒளியைப் பெருக்குதல் என்று அதனைத் தமிழில் விரித்துச் சொன்னால், மேலே கூறிய கோட்பாடு அனைத்தும் அப்பெயருக்குள் அடங்கியிருப்பது புலனாகும். தலையீடு என்னும் சொல்லும் அத்தகையதே. வீட்டில் மாமாமாரும் பெரியப்பாமாரும் செய்வதையே ஒளியலைகளும் செய்கின்றன என்றால் வகுப்பு சிரிக்கும். முடியோடு தாழி சேர்ந்தால் ஒளியும் ஒளியும் கூடி இருளாகும் என்பதை அதன்பின் எவரும் மறவார். கோணல் என்பதா விளிம்பு விளைவு என்பதா, மீடிறனா அதிர்வெண்ணா என்று இலங்கை வழக்குக்கும் தமிழக வழக்குக்குமிடையே பூசலிடுவதில் எமக்கு நாட்டமில்லை. இரண்டையும் கற்பிக்கலாம்.

1990 முதற் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. குப்பிவிளக்கில் யங்கின் இரட்டைப் பிளவுப் பரிசோதனையைப் படித்த மாணவர்கள் லேசரைக் கண்ணாற் கண்டதில்லை. ஏன், எதனால் என்று கேட்டே அதனை அறிந்தனர். இல்லாமையைப் புகழ்வது எமது நோக்கமன்று; கருவி காணாத கல்வி அரைக் கல்வியே. இங்கோ மற்றைய பாதி குறைகிறது. கடையிற் பொருளின் கோட்டுக்குறியை வாசிப்பதும், கண்ணில் அறுவை செய்வதும் லேசர். நாம் ஊருக்குப் பேசும் பேச்சு ஒளித்துடிப்பாகிக் கடலடிக் கண்ணாடி நாரில் ஓடுகிறது. அத்தகைய நார் தொலைத்தொடர்புக்கு ஏற்றதென 1966 இல் எடுத்துரைத்த சார்ல்ஸ் காவோ 2009 இல் நோபெல் பரிசு பெற்றார். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் 1928 இற் கண்டறிந்த சிதறல் ஒளி, விழும் ஒளியில் ஏறக்குறையக் கோடியில் ஒரு பங்கே. அத்துணை மெலிந்த ஒளியை இன்று மருந்தாய்வு கூடங்களிலும் எளிதில் அளக்க முடிவது லேசரால்தான். இவற்றையெல்லாம் சூழக் கொண்டிருந்தும் எமது பிள்ளைகள் காரணம் கேட்பதில்லை.

ஆதலின் உயர்வகுப்பில் மாதத்திற்கு ஒரு மணிநேரத்தை அறிவியற்றமிழுக்கு ஒதுக்க வேண்டும் என நிருவாகத்தினரிடமும் பெற்றோரிடமும் வேண்டுகிறோம். பதினைந்து வயதில் தமிழ்ப் பள்ளியை விட்டு விலகும் பிள்ளை, தமிழ் சிறுபிள்ளைப் பாட்டுக்கே உரியது என்ற எண்ணத்தோடுதான் விலகுகிறது. முதற்பாடத்திற்குப் பெருஞ்செலவும் இல்லை. ஒரு மில்லிவாற்றுக்கு மேற்படாத சுட்டு லேசர் ஒன்று, அளவுகோல் ஒன்று, தலைமயிர் ஒன்று. கற்றையை எவர் கண்ணிலும் படவிடலாகாது. ஆசிரியர் அருகில் நிற்றல் கட்டாயம். மயிரைக் கற்றையின் குறுக்கே பிடித்தால், இரு மீற்றர் தொலைவிலுள்ள சுவரில் ஒளியும் இருளுமாய்ப் புள்ளிகள் வரிசையாய்த் தோன்றும். அடுத்தடுத்த இருட்புள்ளிகளின் இடைத்தூரம் 19 மில்லிமீற்றர் என்க. 650 நனோமீற்றர் அலைநீளத்தைத் தூரத்தாற் பெருக்கி இவ்விடைத்தூரத்தால் வகுத்தால், மயிரின் தடிப்பு ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் என வரும். பெற்றோரும் ஆளுக்கொரு மயிர் தந்துதவினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாயிருக்கும். வழுக்கை விழுந்தோரை வற்புறுத்தமாட்டோம்.