சினைப்பை சும்மா வளர்வதில்லை

ஒய் குரோமோசோம் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். இப்படித்தான் படித்தோம். ஆணாவதற்கு ஏதோ நடந்தாக வேண்டும். பெண்ணாவதற்கு எதுவும் நடக்காதிருந்தால் போதும். "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்பதைக் கருவறைக்குள்ளும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

1940களில் பிரெஞ்சு விஞ்ஞானி அல்ஃப்ரெட் ஜோஸ்ட், தாய் முயலின் வயிற்றுக்குள் இருந்த கருக்களின் இனச்சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். ஆண் கருக்களிலும் கருப்பையாக மாறும் நாளங்களே வளர்ந்தன. அவர் கண்டது நாளங்களைப் பற்றிய உண்மை. சினைப்பை எப்படி உருவாகிறது என்பதற்கு அதில் விடை இல்லை. அதைத்தான் வெட்டி எடுத்தாயிற்றே! ஆனாலும் பெண்ணுடல் முழுவதற்கும் அதுவே விடையாக்கப்பட்டது. 1990இல் எஸ்ஆர்ஒய் மரபணு கிடைத்ததும் ஆண்மையின் விசை அகப்பட்டது என்று கொண்டாடினார்கள். பெண்ணுக்கு விசை எதற்கு?

தேடியபோது கிடைக்கத்தான் செய்தது. 1999இல் டபிள்யுஎன்டி4 மரபணுவை நீக்கிய பெண் எலிக் கருக்களில் ஆண் நாளங்கள் அழியாமல் தங்கின; சினைப்பையே ஆண் ஹார்மோனைச் சுரந்தது. 2006இல், எஸ்ஆர்ஒய் இல்லாமலே, ஆர்எஸ்பிஓ1 மரபணு பழுதானதால் இரட்டை எக்ஸ் கொண்டவர்களுக்கு விந்தகம் வளர்ந்தது தெரியவந்தது. என்னை அசைத்தது 2009ஆம் ஆண்டின் ஆய்வு. வளர்ந்து முதிர்ந்த பெண் எலியில் ஃபாக்ஸ்எல்2 என்ற ஒரே மரபணுவை நிறுத்தினார்கள். சினைப்பையின் செல்கள் விந்தகச் செல்களைப்போல மாறத் தொடங்கின. அதாவது கருவில் ஒருமுறை அல்ல, வாழ்நாள் முழுவதும் அந்த உறுப்பு தன்னைச் சினைப்பையாகக் காத்துக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பெயர் சும்மா இருப்பதா?

இதே ஃபாக்ஸ்எல்2 பிறவியிலேயே பிசகினால் இமைகள் குறுகுகின்றன. சிலருக்குச் சினைப்பை இளமையிலேயே ஓய்ந்துபோகிறது. சினைப்பையில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டியில், ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும், இந்த மரபணுவின் ஒரே இடத்தில் ஒரே பிழை. ஆனால் நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோகும் பெண்களில் பெரும்பாலோருக்கு இன்றும் "காரணம் தெரியவில்லை" என்ற பதில்தான். தானாக முளைப்பதாக நம்பிய உறுப்பு ஏன் பழுதாகிறது என்று யார் கேட்டிருப்பார்கள்? காரணம் கிடைக்காத அந்த வெற்றிடத்தில் ஊர் அவளை மலடி என்கிறது, மாமியார் ஜாதகத்தைத் தூக்குகிறார்.

'இயல்புநிலை' வெறும் கலைச்சொல்தானே என்பார்கள் அறிவியல் துறை நண்பர்கள். தமிழ் படித்தவளிடம் வந்து வெறும் சொல் என்கிறார்கள்! அந்தச் சொல்தான் எதை ஆராய வேண்டாம் என்று முடிவுசெய்தது. முதலில் பாடநூலின் அந்த 'இல்லாவிட்டால் பெண்' என்ற வரியை அடியுங்கள்.