ஆறு மில்லிமீட்டர் கதிரை இரண்டாவது ஆளும் அளக்கட்டும்

பிரான்சின் துலூஸ் நகரில் உள்ள ராங்குய் மருத்துவமனை, மூளைக்குள் இருக்கும் சிறு கட்டிகளைக் கதிர்வீச்சால் அழிக்கும் நோவாலிஸ் இயந்திரத்தை 2006 ஏப்ரலில் பயன்படுத்தத் தொடங்கியது. அடுத்த ஓராண்டில் அங்கே சிகிச்சை பெற்றவர்களில் 145 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. இயந்திரம் பழுதாகவில்லை. கணினியும் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. சிகிச்சைக்கு முன் கதிரை அளந்து பார்த்தார்களே, அந்த அளவுக்கருவி கதிரைவிடப் பெரிதாக இருந்தது.

கத்தி வைக்காமல் மூளையில் அறுவை செய்ய முடியும் என்ற யோசனையை சுவீடனின் லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்வைத்தார். மெல்லிய கதிர்களைப் பல திசைகளிலிருந்து ஒரே புள்ளியில் சந்திக்க வைப்பதுதான் ரேடியோசர்ஜரி. வழக்கமான கதிர்வீச்சு சிகிச்சையில் நாளொன்றுக்கு 2 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) வீதம் வாரக்கணக்கில் கொடுப்பார்கள். நடுவில் பிழை தெரிந்தால் திருத்த நாள் இருக்கிறது. இங்கே காது நரம்புக் கட்டிக்கு 12, 13 கிரே ஒரே அமர்வில் போய்விடும். முகத்தில் மின்னலாய் வெட்டும் முந்நரம்பு வலிக்கு 80 கிரே வரைகூடத் தருகிறார்கள். பக்கத்தில் பார்வை நரம்பும் மூளைத்தண்டும் இருக்கின்றன.

வழக்கமான கதிர்வீச்சு இயந்திரத்தை முதலில் மருத்துவ இயற்பியலர் தண்ணீர்த் தொட்டியில் அளந்து பார்ப்பார். பத்து சென்டிமீட்டர் சதுரக் கதிர்தான் உலகெங்கும் அடிப்படை அளவு. அதற்குப் பயன்படும் ஃபார்மர் அயான் சேம்பர் என்ற அளவுக்கருவியின் உள்வெளி 0.6 கன சென்டிமீட்டர். நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரிய கதிரில் இது நம்பகமான கருவி. இதையே ஆறு மில்லிமீட்டர் கதிரில் வைத்தால் நடுப்பகுதியில் மட்டும் கதிர் விழும், இரு முனைகளும் வெளியே கிடக்கும். கருவி மொத்த நீளத்துக்கும் சராசரி போட்டுக் குறைத்துச் சொல்லும். ஓட்டுக் கூரையின் பொத்தல் வழியே விழும் காசளவு வெயிலை முழு உள்ளங்கையையும் வைத்து அளக்கும் கதைதான். கதிர் பலவீனமாக இருக்கிறது என்று நம்பும் கணினி இயந்திரத்தைக் கூடுதலாக ஓடவிடும். அந்தக் கூடுதல் முழுவதும் நோயாளியின் தலைக்குள் போகும்.

சிறிய கருவியை வாங்கினால் தீர்ந்தது என்று தோன்றலாம். தீராது. மெல்லிய கதிரில் பக்கவாட்டில் வெளியேறும் எலெக்ட்ரான்களை ஈடுகட்ட அக்கம்பக்கத்திலிருந்து அதே எண்ணிக்கையில் எலெக்ட்ரான்கள் வருவதில்லை. அந்நிலையில் அளக்க வைக்கும் பொருளே அளவை மாற்றிவிடுகிறது. காற்று நிரம்பிய சேம்பர் குறைத்துக் காட்டும். தண்ணீரைவிட அடர்த்தியான சிலிக்கான் டையோடு மிகச் சிறிய கதிரில் கூட்டிக் காட்டும். செயற்கை வைரம், ஃபிலிம், பிளாஸ்டிக் ஒளிர்வான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல். எந்தக் கருவிக்கு எவ்வளவு திருத்தம் என்ற அட்டவணையோடு சர்வதேச அணுசக்தி முகமையும் அமெரிக்க மருத்துவ இயற்பியலர் சங்கமும் சேர்ந்து டிஆர்எஸ் 483 என்ற நடைமுறைத் தொகுப்பை வெளியிட்டது 2017-இல். லெக்செலின் ரேடியோசர்ஜரி இயந்திரமான காமா நைஃப் முதன்முதலில் வேலைக்கு வந்து அதற்குள் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது! இயந்திரத்தை விற்க இருந்த அவசரம், அதை அளப்பதற்கான விதியை எழுத இருக்கவில்லை.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு மருத்துவமனையில் துலூஸின் இதே வகைப் பிழை 2004 முதல் 2009 வரை நீடித்தது. 76 நோயாளிகளுக்கு ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதல் கதிர்வீச்சு. ஐந்து ஆண்டுகள் ஒருவர் கண்ணிலும் படாதது எப்படி? தினசரிச் சோதனைகள் நடக்காமல் இல்லை. ஆனால் அவை எல்லாம் முதல் நாளில் அளந்து எழுதிய அதே அட்டவணையை வைத்தே நடந்தன. தப்பான அளவுகோலோடு ஒத்துப்போன எதுவும் சரியாகவே தெரிந்தது. கடைசியில் வேறொரு இயற்பியலர் அந்த இயந்திரத்தில் பயிற்சி பெற வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. துலூஸில் வெளிப்பட்டதும் தயாரிப்பு நிறுவனம் பல மருத்துவமனைகளின் எண்களை ஒப்பிட்டபோதுதான். இரண்டு இடத்திலும் பிழையைப் பிடித்தது வெளியிலிருந்து வந்த கண்.

உள்ளூர் இயற்பியலரின் கவனக்குறைவு என்று இதைச் சுருக்குவது வசதியானது, ஆனால் நியாயமல்ல. காமா நைஃபின் 4 மில்லிமீட்டர் கதிருக்குத் தயாரிப்பாளரே தந்த ஒப்பீட்டு எண் (பெரிய கதிரோடு ஒப்பிட்டால் சிறு கதிரின் வலு எவ்வளவு என்பது) பல ஆண்டுகள் 0.80 ஆக இருந்தது, பிறகு 0.87 என்று திருத்தப்பட்டது. அதாவது, முந்நரம்பு வலிக்காகப் படுத்தவர்களுக்குக் காகிதத்தில் எழுதியதைவிட 9 சதவீதம் அளவில் கூடுதலாகவே போயிருக்கிறது. தயாரிப்பாளருக்கே இந்தக் கதி என்றால், ஒரு மருத்துவமனையில் ஒருவர் ஒரு கருவியால் எடுத்த அளவை மட்டும் நம்பி எப்படித் தலையை நீட்டுவது?

ஆகவே ஒழுங்குமுறை அமைப்புகள் உரிமத்தோடு ஒரு நிபந்தனையைக் கட்டாயமாக்க வேண்டும். வேறொரு ஆள், வேறு வகைக் கருவியால், சிகிச்சைக்கு வரப்போகும் மிகச் சிறிய கதிர் வரை அளந்து கையெழுத்திடாமல் முதல் நோயாளியைப் படுக்க வைக்கக்கூடாது. தபாலில் டோஸ்மானி என்ற கதிரளவுக் கருவியை அனுப்பிச் சரிபார்க்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் பத்து சென்டிமீட்டர் கதிரை மட்டும் சோதித்தால் துலூஸ் பிழை அதில் சிக்காது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள தணிக்கை மையம் சிறு கதிர்களுக்கான ஒப்பீட்டு எண்களை 2012-லேயே வெளியிட்டுவிட்டது. அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிற்பகல் போதும். சைபர்நைஃப் என்ற ரேடியோசர்ஜரி இயந்திரம் வந்து பத்தாண்டு கடந்துவிட்ட சென்னைக்கும் இந்த நிபந்தனை பொருந்தும்.

இயற்பியலர்கள் குறைவு, நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று மருத்துவமனைகள் சொல்லக்கூடும். முதல் வாதம் உண்மைதான். பல கோடி ரூபாய் இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போடும் நிர்வாகங்கள் அளப்பவரின் பதவிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவதால் வந்த உண்மை அது. பக்கத்து ஊர் மருத்துவமனையின் இயற்பியலரைத் தன் கருவியோடு இரண்டு மூன்று நாள் வரவழைக்கப் புதிய பதவிகூடத் தேவையில்லை.